கவுன்சலிங்கா, கோச்சிங்கா? தரங்கம்பாடி சொல்லும் பாடம்!

நம் வீடுகளில் ‘கவுன்சலிங்’ என்றால் இன்ஜினீயரிங் சீட், ‘கோச்சிங்’ என்றால் நீட் வகுப்பு. ஆனால், மனதுக்குக் கைகொடுக்கும் துறையிலும் இந்த இரண்டு சொற்களும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல.

முதலில் காயம்

2004 டிசம்பர் 26-ல் வந்த சுனாமி, தமிழகத்திலேயே அதிக உயிர்களைப் பறித்தது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான். டேனிஷ் கோட்டை நிற்கும் தரங்கம்பாடியின் மீனவர் குடும்பங்களும் தப்பவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், ‘அடுத்து என்ன செய்யப்போறீங்க?’ என்று உடனே கேட்க முடியுமா?

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், சுனாமி பாதித்த பகுதிகளின் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி தந்தது. மனதில் இருப்பதைக் கொட்டவிடுவது, குறுக்கிடாமல் கேட்பது, அவர் இடத்திலிருந்து உணர்வது, உறவையும் ஊரையும் துணைக்குச் சேர்ப்பது, மெல்ல மெல்ல ஏதேனும் வேலையில் ஈடுபடுத்துவது ஆகியவை அதன் அடிப்படைகள். கவுன்சலிங்கின் ஆதாரமும் இதுதான். வலியைப் பேச இடம் தருவது.

பிறகு பயணம்

சில ஆண்டுகள் போகின்றன. அதே ஊரில் ஒரு பெண் தன் கருவாட்டு வியாபாரத்தைப் பெரிதாக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவருக்கு உதவக்கூடியது கோச்சிங்.

கோச் ‘இதைச் செய்’ என்று சொல்வதில்லை. கேள்வி கேட்பார். ‘என்ன வேணும்? இப்போ எங்கே நிக்கிறீங்க? என்னென்ன வழி இருக்கு? எதை, எப்போ செய்யப்போறீங்க?’ ஜான் விட்மோர் 1992-ல் வெளியிட்ட நூல் மூலம் உலகெங்கும் பரவிய ‘குரோ’ முறையின் நான்கு படிகள் இவை.

கோச்சுக்கு என்ன திறன் வேண்டும்?

* கேட்கும் காது: சொன்னதோடு, சொல்லாமல் விட்டதையும் கவனிப்பது.
* திறந்த கேள்வி: ‘ஏன் செய்யலை?’ என்பது குற்றச்சாட்டு. ‘எது தடுத்துச்சு?’ என்பது கதவைத் திறக்கும்.
* அடக்கிய நாக்கு: விடை தெரிந்தாலும், எதிரில் இருப்பவரே கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பது.
* பொறுப்பு: ‘செய்கிறேன்’ என்றதை அடுத்த சந்திப்பில் மறக்காமல் விசாரிப்பது.
* எல்லை அறிதல்: இதுதான் மிக முக்கியம். வியாபாரக் கணக்குப் பேசும் அந்தப் பெண், ‘டிசம்பர் வந்தாலே தூக்கம் வரல, அலைச் சத்தம் கேட்டா உடம்பு நடுங்குது’ என்கிறார். அங்கே இலக்கு, திட்டம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, மனநல நிபுணரிடம் அழைத்துச் செல்பவரே நல்ல கோச்.

நம் வீட்டிலும்...

பிளஸ் டூவில் மதிப்பெண் குறைந்து அழும் பிள்ளையிடம், ‘அடுத்து எந்த காலேஜ்?’ என்ற கேள்வி கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் அழட்டும், பேசட்டும், கேளுங்கள். தேறியபின் வழியைப் பற்றிப் பேசலாம். வருத்தம் நாள்கணக்கில் நீடித்தாலோ, வாழ்வே வேண்டாம் என்பதுபோல் பேசினாலோ தாமதிக்க வேண்டாம். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416, 24 மணி நேரமும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம்.