அம்மா சொல்லட்டும், நாம் கேட்போம்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் திருக்கோயிலின் அனந்தசரஸ் திருக்குளத்தில், நீருக்கடியில் சயனித்திருக்கும் அத்திவரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறையே வெளியே எழுந்தருளி அடியார்களுக்குக் காட்சி தருகிறார். 1939, 1979, 2019 என்பது அண்மைக்கால வரிசை. 2019ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி தொடங்கி 48 நாட்கள் நடைபெற்ற வைபவத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பக்தர்கள் பெருமாளைச் சேவித்தனர்.

நாற்பது ஆண்டு என்பது சிறிய இடைவெளி அன்று. ஒருமுறை தாயின் இடுப்பில் இருந்தபடி சேவித்த குழந்தை, அடுத்த முறை தன் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. மூன்றாம் முறை செல்லக் கொடுத்துவைத்திருந்தால், பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு செல்கிறது. கோயிலில் பழைய நடைமுறைகளை அறிந்த பட்டர்கள் இருக்கிறார்கள், பதிவேடுகள் இருக்கின்றன. வீட்டில் அந்தப் பொறுப்பைச் சுமப்பவர் யார்? "போன தடவை இப்படித்தான் போனோம், இந்த இடத்தில்தான் நின்றோம்" என்று சொல்வதற்கு ஓர் அம்மா இருக்கிறார். ஒரு பாட்டி இருக்கிறார். அடுத்த வைபவம் 2059ஆம் ஆண்டில் வரும். அன்று சேவிக்கப்போகும் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்திகள் இன்று நம் வீட்டு முதிய தாயின் நெஞ்சில் இருக்கின்றன.

என் தாயாருக்கு இப்போது 88 வயது. 1979ஆம் ஆண்டிலும் சேவித்தவர். 2019ஆம் ஆண்டில் சக்கர நாற்காலியில் சென்றும் சேவித்தவர். இரண்டில் எது தெளிவாக நினைவிருக்கிறது என்று கேட்டால், தயங்காமல் 1979 என்பார். அன்று வழியில் குடித்த நீர்மோரின் இஞ்சி மணத்தைச் சொல்வார். உடன் வந்த நாத்தனார் உடுத்தியிருந்த பச்சைப் புடவையைச் சொல்வார். 2019ஆம் ஆண்டுப் பயணம் அவருக்கு ஏறத்தாழ மறந்துவிட்டது.

செல்லுபடியாகும் நாலணா

முதுமையில் நினைவு தளரும்போது, பெரும்பாலும் அண்மையில் நடந்தவையே முதலில் நழுவுகின்றன. நெடுநாளைக்கு முன் ஆழப் பதிந்தவை பிந்தியே விலகுகின்றன. காலையில் சாப்பிட்டது இட்லியா உப்புமாவா என்பது அம்மாவுக்கு மதியம் நினைவில் இராது. ஆனால் புது நாணயம் வந்த காலத்தைக் கேட்டால் முகம் மலர்ந்துவிடும்.

1957ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி நம் நாட்டில் தசம நாணய முறை நடைமுறைக்கு வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு 12 பை. புதிய முறையில் ரூபாய்க்கு 100 நயா பைசா. நாலணாவுக்கு 25 என்பதில் சிக்கல் இல்லை. ஓரணாவுக்கு ஆறேகால் என்று வரும்போதுதான் வம்பு. ஓரணாவுக்குக் கீரை வாங்கினால் ஆறு காசு கொடுப்பதா, ஏழு காசு கொடுப்பதா? அம்மாவுக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு வருடம். கீரைக்காரம்மாவும் அவரும் வாசற்படியில் உட்கார்ந்து ஆறே போதும் என்று முடிவு செய்தார்களாம். "ஆனாலும் கறிவேப்பிலையை நிறுத்தவில்லை, மகராசி" என்பார் அம்மா.

முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவன் நான். நாணய மாற்றத்தைப் பற்றிச் சுற்றறிக்கைகளில் படித்திருக்கிறேன். வாசற்படியில் அது எப்படித் தீர்க்கப்பட்டது என்பதை எந்தச் சுற்றறிக்கையும் எனக்குச் சொன்னதில்லை. 25 காசு நாணயம் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாததாகிவிட்டது. அம்மாவின் பேச்சில் நாலணா இன்றும் செல்லுபடியாகிறது.

ஒவ்வொரு நவம்பர் மாதமும் ஓய்வூதியம் பெறுவோர் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வங்கிக்கு வருவார்கள். குடும்ப ஓய்வூதியம் பெறும் தாய்மார்கள் பலர், கையெழுத்திட்ட பிறகும் உடனே எழுந்து போகமாட்டார்கள். கணவர் எந்த ஊரில் வேலை பார்த்தார், எந்தக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம், வாசலில் என்ன மரம் நின்றது என்று சொல்லிவிட்டுத்தான் எழுவார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது, நிமிர்ந்து பார்த்துக் கேட்கும் ஒரு முகம். வீட்டிலும் அதுவே வேண்டியிருக்கிறது.

பெண்ணுக்குத் தாயாக வந்த பெருமான்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் தாயுமானவரின் வரலாறு நம் வாசகர்கள் அறிந்ததே. பேறுகாலம் நெருங்கிய ரத்னாவதி தன் தாயின் வரவை எதிர்நோக்கியிருக்கிறாள். தாயோ காவிரியின் வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிடுகிறாள். வலியெடுத்த வேளையில் சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடியும்வரை உடனிருந்து பணிவிடை செய்கிறார். பிறகு உண்மைத் தாய் வந்து நிற்க, இரு தாயரைக் கண்டு மகள் திகைக்க, பெருமான் மறைகிறார். செட்டிப்பெண் மருத்துவம் என்ற பெயரில் அந்த நிகழ்ச்சி இன்றும் திருவிழாவில் நடத்திக் காட்டப்படுகிறது. சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் காணிக்கை செலுத்துவோர் இன்றும் உண்டு.

இதில் நான் எண்ணி எண்ணி வியப்பது ஒன்று உண்டு. திரிசூலமும் மானும் மழுவும் ஏந்திய பெருமான், அன்று அவற்றை ஏந்தி வரவில்லை. பேறுகால மருந்தும் பத்தியமும் அறிந்த ஒரு கிழத்தாயாக வந்தார். தாயின் அன்பு மட்டும் போதாது, தாய்க்குத் தெரிந்தவையும் அந்த நேரத்தில் வேண்டும் என்று அவர் திருவுளம் கொண்டார் போலும்.

தாயுமானவர் என்றால் தாயும் ஆனவர். அறுபதைக் கடந்த பிள்ளைகள் தொண்ணூறை நெருங்கும் தாயைப் பேணும் காலம் இது. ஊட்டிவிடுவதும் தலைவாரிவிடுவதும், சொன்னதையே சொன்னாலும் முகம் சுளிக்காமல் கேட்பதும் இப்போது நம் முறை. குழந்தையில் நாம் ஒரே கேள்வியை நூறு முறை கேட்டோம்; அம்மா நூறு முறையும் பதில் சொன்னார்.

திருவண்ணாமலையில் பகவான் ரமணரின் வாழ்விலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1896ஆம் ஆண்டு வீட்டைத் துறந்து அருணாசலம் சேர்ந்தவர் அவர். அன்னை அழகம்மாள் 1916ஆம் ஆண்டு முதல் மகனோடு மலையிலேயே தங்கி, அங்கிருந்த அடியார்களுக்குச் சமைத்துப் போட்டார். 1922ஆம் ஆண்டு மே 19ஆம் தேதி அன்னையின் இறுதி நாள். ஒரு கையை அன்னையின் தலையிலும் மறு கையை நெஞ்சிலும் வைத்தபடி பகவான் நெடுநேரம் அமர்ந்திருந்தார். அன்னையின் உள்ளத்தில் எஞ்சியிருந்த வாசனைகள் ஒவ்வொன்றாக எழுந்து அடங்கும்வரை அந்தக் கைகள் விலகவில்லை என்று அடியார்கள் போற்றுவர். அன்னையின் சமாதியைச் சுற்றியே ரமணாசிரமம் வளர்ந்தது. அங்கே எழுந்த திருக்கோயிலின் இறைவனுக்கு மாத்ருபூதேசுவரர் என்று பெயர். மலைக்கோட்டைத் தாயுமானவருக்கும் வடமொழியில் அதே திருநாமம்தான்.

பற்றறுத்த ஞானியே தாயின் அருகில் அமர்ந்து, எழுவதெல்லாம் எழுந்து அடங்கட்டும் என்று காத்திருந்தார். இல்லறத்தில் இருக்கும் நாம் அரைமணி நேரம் அமரக்கூடாதா?

"அப்பா வந்தாச்சா?"

என் தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு முதல் அம்மா சில மாலைகளில், "அப்பா வந்தாச்சா?" என்று கேட்கத் தொடங்கினார். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? உள்ளதைச் சொன்னால், அந்தச் செய்தியை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார், அன்றுதான் விதவையாகிறார். மறுநாளும் கேட்டால் மறுநாளும் அதே துயரம்.

வழி கண்டவர் என் மனைவி. "மாமா பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை மணிக்கு வருவார் அத்தை?" என்று திருப்பிக் கேட்டார். அவ்வளவுதான். நாலரை மணி, சைக்கிள் மணியோசை, திண்ணையில் சொம்புத் தண்ணீர், மாணவர்களின் விடைத்தாள் கட்டு என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார். தவிப்பு அடங்கிவிட்டது. பொய்யும் சொல்லவில்லை, புண்ணையும் கீறவில்லை. ஒருவர்க்கும் தீங்கு இல்லாத சொல்லே வாய்மை என்பதுதானே வள்ளுவர் காட்டிய நெறி.

இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஒரு செய்தி கிடைத்தது. என் தம்பிக்கு நான்கு வயதில் விஷக்காய்ச்சல் கண்டு, மூன்று வாரம் படுத்த படுக்கையாக இருந்த கதையை அம்மா அடிக்கடி சொல்வார். கதையின் முடிவில் எப்போதும், "மணி கட்டணும்" என்று ஒரு வார்த்தை வரும். ஒருநாள் என் மனைவி, "எந்த மணி அத்தை?" என்று கேட்டார். குடமுருட்டிக் கரையில் இருக்கும் எங்கள் குலதெய்வமான ஐயனாருக்கு வெண்கல மணி கட்டுவதாக அன்று அம்மா நேர்ந்துகொண்டிருக்கிறார். அப்பாவுக்கு மாற்றல் வந்தது. கையில் பணம் இல்லை. அந்தக் கடன் அப்படியே நின்றுவிட்டது. எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், எந்த வரப்பில் நடக்க வேண்டும், படையலில் எதைச் சேர்க்கக்கூடாது என்பதையெல்லாம் அன்று ஒரே மூச்சில் சொன்னார். மனைவி அனைத்தையும் எழுதிக்கொண்டார்.

கும்பகோணத்தில் மணி வாங்கினோம். அம்மாவால் பயணம் செய்ய இயலாது என்பதால், முதலில் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தோம். தடவிப் பார்த்தார். "யாருக்கு?" என்றார்.

"தம்பிக்காக நேர்ந்துகொண்டீர்களே, அந்த மணி அம்மா."

"காய்ச்சல் விட்டுதா?"

எதிரே நின்றிருந்த தம்பிக்கு அறுபது வயது. "விட்டுடுத்தும்மா" என்றான் அவன். அம்மா மணியை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறன்று தம்பி தன் கையாலேயே அதை ஐயனார் சந்நிதியில் கட்டினான்.

கேட்கும் முறை

அனுபவத்தில் அறிந்த சிலவற்றைச் சொல்கிறேன். "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று முதியவர்களைச் சோதிக்க வேண்டாம். அது அவர்களைக் கூசச் செய்யும். நம் பெயரை நாமே சொல்லி அருகில் அமரலாம். ஆண்டையும் தேதியையும் கேட்பதைவிட, ஒரு பொருளைக் கையில் கொடுப்பது நல்லது. பழைய குங்குமச் சிமிழ், கல்யாணப் புகைப்படம், அரிவாள்மனை என எதுவாயினும் அது பேச்சைத் தொடங்கி வைக்கும். கதையில் பெயரோ ஊரோ மாறினால் இடைமறித்துத் திருத்த வேண்டாம். சொற்கள் தடுமாறும் நிலையிலும், சிறு வயதில் கற்ற தோத்திரங்களும் பாட்டும் பலருக்கு நாவில் நிற்கின்றன. முதலடியை நாம் தொடங்கினால் அவர்கள் தொடர்வார்கள்.

மறதி முழுவதையும் வயதின் தலையில் போட்டுவிடவும் கூடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, சிறுநீர்த் தொற்று, செவிக்குறைபாடு ஆகியவற்றாலும் குழப்பம் தோன்றலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. திடீரென்று நிலை மாறினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். கோத்திரம் அல்லது குலவழி, குலதெய்வத்தின் ஊர், நிறைவேறாத நேர்த்திக்கடன்கள், முன்னோர் திதி, பிரசவ மருந்துக்கான பக்குவம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம். கைப்பேசியில் குரலைப் பதிந்துகொள்வது இன்னும் நல்லது. எழுத்தில் செய்தி நிற்கும். அம்மாவின் சிரிப்பு குரலில்தான் நிற்கும்.

இதைப் படிப்போரில் பலர் தாயாகவும் பாட்டியாகவும் இருப்பீர்கள். உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். "இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்" என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றிய பின், பேரப்பிள்ளையை அருகில் அழைத்து ஒன்றே ஒன்று சொல்லுங்கள். நீங்கள் முதன்முதலில் பார்த்த தேரோட்டத்தைச் சொல்லுங்கள். உங்கள் தாயார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் கோலத்தைச் சொல்லுங்கள். பாதியில் குழந்தை எழுந்து ஓடினால் ஓடட்டும். அடுத்த வெள்ளி மீதியைச் சொல்லலாம்.