கட்டிக்குள் ஒரு கப்பல்

ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ 1883-இல் புத்தகமாக வெளிவந்தது. அதில் வரும் கேப்டன் பிளிண்டும் அவன் ஆட்களும் கற்பனை மனிதர்கள். ஆனாலும் கடற்கொள்ளையர் என்றதும் நம் மனத்தில் வந்து நிற்கும் சாமான்கள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தினுடையவைதான்: சிவப்பு மையில் குறியிட்ட வரைபடம், தோளில் கிளி, மண்ணுக்கடியில் தங்கக் காசுகள். எனக்கு அந்தப் புதையலைவிடப் பெரிதாகத் தெரிவது பில்லி போன்ஸ் என்ற கிழட்டு மாலுமியின் மரப்பெட்டி. அவன் இறந்தபின் அதைத் திறக்கிறார்கள். உள்ளே கோணம் அளக்கும் கருவி, தகரக் குவளை, புகையிலை, துப்பாக்கிகள், பழைய ஸ்பானியக் கடிகாரம், பித்தளைக் கவராயம், மேற்கிந்தியத் தீவுகளின் சிப்பிகள் சில. ஒரு மனிதன் கடலில் எப்படிப் பிழைத்தான் என்பதை அந்தப் பெட்டி சொல்லிவிடுகிறது.

ஸ்டீவன்சன் இதையெல்லாம் வெறும் கற்பனையில் கட்டவில்லை. கதையில் வரும் இஸ்ரேல் ஹேண்ட்ஸ் என்ற பெயர், பிளாக்பியர்ட் என்ற நிஜக் கொள்ளைத் தலைவனின் கூட்டத்தில் இருந்த ஒருவனுடையது. பிளிண்டுக்கு முன்னால் பிளாக்பியர்ட் ஒரு குழந்தை என்று கதையில் ஒருவர் பெருமையடிக்கவும் செய்கிறார். அந்த பிளாக்பியர்டின் கப்பல் இப்போது நம் கையில் இருக்கிறது. பில்லி போன்ஸின் பெட்டியைத் திறப்பதுபோல் அதையும் திறந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் இந்தப் பெட்டிக்குப் பூட்டு வேறு வகை.

எட்வர்ட் டீச் என்பது பிளாக்பியர்டின் பெயராக அறியப்படுகிறது. 1717 நவம்பரில், கரீபியக் கடலில் ‘லா கன்கார்ட்’ என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பிடித்தான். அது ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக ஏற்றிச் சென்ற கப்பல். அந்தப் பயணத்தில் மட்டும் 500-க்கும் மேற்பட்டவர்களை அடைத்துக் கொண்டு புறப்பட்டது. கொள்ளைச் சாகசம் என்று ரசித்துப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. டீச் அந்தக் கப்பலில் பீரங்கிகளைக் கூட்டி, ‘குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச்’ என்று பெயர் மாற்றினான். 1718 ஜூனில் வட கரோலினாவின் போஃபோர்ட் கடல்வாயில் அது மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் அவனும் கொல்லப்பட்டான். 1996 நவம்பரில்தான் கப்பலின் மிச்சங்களைக் கண்டுபிடித்தார்கள். ஆழம் ஏழெட்டு மீட்டர், அவ்வளவுதான்.

அங்கிருந்து மேலே வருவது வாளோ துப்பாக்கியோ போலத் தெரியாது. பழுப்பு நிறத்தில், மேடும் பள்ளமுமாக, பாறை போன்ற கட்டிகள்தான் வரும். கடல்நீரில் கிடக்கும் இரும்பு அரிக்கிறது. கரைந்து வெளியேறும் இரும்பு, நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடும் மணலோடும் சிப்பி ஓடுகளோடும் சேர்ந்து இறுகுகிறது. அதன்மேல் கடலுயிர்கள் ஒட்டி வளர்கின்றன. பக்கத்தில் கிடந்த ஈயக் குண்டு, கண்ணாடி மணி, கயிற்றுத் துண்டு எல்லாம் அதற்குள் மாட்டிக்கொள்கின்றன. முந்நூறு ஆண்டு இது நடந்தால், ஓர் ஆணியும் ஒரு தட்டும் நாலைந்து குண்டுகளும் ஒரே கட்டிக்குள் அடைபட்டுவிடும். அந்தக் கட்டிதான் அவற்றைக் காப்பாற்றியும் வைத்திருக்கிறது.

கட்டிகள் கிரீன்வில் நகரில், கிழக்கு கரோலினா பல்கலைக்கழக வளாகத்திலுள்ள ஆய்வுக்கூடத்துக்குப் போகின்றன. எடுத்த நிமிடம் முதல் அவற்றைக் காயவிடுவதில்லை. தொட்டி நீரில் மூழ்கவைக்கிறார்கள். இது ஏன் என்று தெரிந்துகொண்டால் இந்தக் கலையின் பாதி புரிந்துவிடும். இரும்புக்குள் உப்பின் குளோரைடு ஊறிப் போயிருக்கிறது. காற்றும் ஈரமும் பட்டதும் அது மறுபடி இரும்பைத் தின்னத் தொடங்குகிறது. புதிதாக உருவாகும் துரு அதிக இடத்தை அடைத்துக்கொண்டு புடைப்பதால், பொருள் அடுக்கடுக்காக உரிந்து நொறுங்குகிறது. கடலடியில் மூன்று நூற்றாண்டு தாங்கியது, மேசைமேல் சில மாதங்களில் தூளாகிவிடலாம்.

முதலில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். உள்ளே என்ன, எந்தத் திசையில் கிடக்கிறது என்று பார்த்தபின், பேனாவைப் போலக் கையில் பிடிக்கும் காற்றழுத்த உளியால் சிறிது சிறிதாகக் கொத்துகிறார்கள். சில சமயம் எக்ஸ்ரேயில் ஆணி இருந்த இடம் வெறும் பொந்தாகத் தெரியும். இரும்பு முழுவதும் கரைந்துபோய், அதன் வடிவம் மட்டும் கட்டிக்குள் அச்சாக நிற்கிறது. அந்தப் பொந்துக்குள் எப்பாக்சிப் பிசினை ஊற்றி இறுகவிட்டு, பிறகு வெளிக்கட்டியை உடைத்தால், இல்லாமற்போன கருவியின் உருவம் அப்படியே கைக்குக் கிடைக்கிறது. இந்த வேலையில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்.

பீரங்கிக்கு வேறு வைத்தியம். காரக் கரைசல் நிரம்பிய தொட்டியில் அதை இறக்கி, மின்சாரத்தின் எதிர்முனையை அதில் இணைக்கிறார்கள். சுற்றிலும் நிற்கும் எஃகு வலையில் நேர்முனை. மின்னோட்டம் மிகக் குறைவு. குளோரைடு மெல்ல இரும்பை விட்டு வலைப்பக்கம் நகர்கிறது. இரும்பின் மேல் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் எஞ்சிய கட்டியை நெகிழ்த்துகின்றன. கரைசலை மாற்றி மாற்றி, உப்பு வெளியேறுவது நின்றுவிட்டதா என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு பீரங்கிக்கே ஆண்டுக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் பொருள் போய்விடும். கடைசியில் நன்றாகக் கழுவி உலர்த்தி, டானிக் அமிலமும் மெழுகும் பூசுகிறார்கள்.

இத்தனை பாடுபட்டுக் கிடைத்தவை என்ன? தங்கம் துகளாகத்தான் இருக்கிறது. கப்பல் தரைதட்டி நின்றதால், ஆட்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு இறங்க நேரம் இருந்தது. மிஞ்சியவற்றில் 1705 என்று பொறித்த மணி ஒன்று உண்டு. குண்டு நிரப்பியபடியே கிடந்த பீரங்கிகள் உண்டு. பாதரசத்தின் தடயம் ஒட்டியிருந்த, பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவையாலான ஒரு பீச்சுக்குழலும் உண்டு. மேகநோய்க்கு அந்தக் காலத்தில் பாதரசம்தான் மருந்து. 1718-இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தை மறித்துப் பிணைக்கைதிகளைப் பிடித்த பிளாக்பியர்ட், அவர்களுக்கு ஈடாகக் கேட்டது ஒரு மருந்துப் பெட்டி. அந்தச் செய்தியின் பக்கத்தில் இந்தப் பீச்சுக்குழலை வைத்துப் பாருங்கள். நிஜக் கொள்ளையரின் புதையல் பெட்டிக்குள் மருந்துதான் இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் மிஞ்சியது காகிதம். ஒரு பீரங்கியின் அடிக்குழியில் அடைந்திருந்த அழுக்குக்குள் 16 சிறு காகிதத் துணுக்குகள் கிடந்தன. நீரில் காகிதம் நிலைப்பதே அரிது. அச்செழுத்துகள் சிலவற்றைப் படிக்க முடிந்தது. ‘ஹிலோ’ என்ற ஊர்ப்பெயரும் அதில் இருந்தது. அதைக் கொண்டு தேடி, எட்வர்ட் குக் என்ற கடலோடி 1712-இல் வெளியிட்ட தென்கடல் பயண நூலின் பக்கங்கள் அவை என்று கண்டறிந்து, 2018-இல் அறிவித்தார்கள். தனித்தீவில் கிடந்த அலெக்சாண்டர் செல்கர்க் என்ற மாலுமியை மீட்டு வந்த பயணம் அது. கொள்ளைக் கப்பலிலும் புத்தகம் இருந்திருக்கிறது. வரைபடத்தையும் கிளியையும்விட இந்த 16 துணுக்குகளே பெரிய புதையல் என்பேன்.

சுத்தம் செய்த பொருட்கள் பலவற்றை போஃபோர்ட்டிலுள்ள வட கரோலினா கடல்சார் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். கடலோரத்தில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வலையில் துருப்பிடித்த பழைய கட்டி ஏதும் ஏறினால் அதை உடைக்காதீர்கள், வெயிலில் உலர்த்தாதீர்கள். எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, தண்ணீரில் மூழ்கவைத்துவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.