அறுவது உரசும் இடத்தில்தான்

ஞாயிற்றுக்கிழமை கோவளம் போகும் நம்மவர்கள் இன்னும் சிறிது தூரம் தெற்கே நடந்தால் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகம். ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று வலுத்துவிட்டால் திறந்த கடற்கரைகளில் அலையை எதிர்த்துப் படகு இறக்குவது கஷ்டம். ஜில்லாவின் பல ஊர் மீனவர்களும் அப்போது இங்கே வந்து சேருகிறார்கள். 2025 மே மாதம் திறப்பு விழா கண்ட பெரிய துறைமுகத்தில் ராட்சதக் கப்பல்கள் நிற்க, பக்கத்திலேயே ஃபைபர் படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு ஆடுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் கடன், சோறும் அதுவே. அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு கயிறு.

கயிறு எங்கே அறும்? ஊரில் கிணற்றடியில் நின்றவர்களுக்குத் தெரியும். நடுவில் அறுவதில்லை, வாளியின் வளையத்தில் உரசும் இடத்தில்தான் அறும். லாட்ஜ் மாடியில் நாம் துணி காயப்போடும் கொடியும் ஆணியருகேதான் போகிறது. படகிலும் விளிம்பைத் தாண்டி வெளியே வரும் அந்த ஒரு முழம்தான் அபாயம்.

நைலானின் நற்குணமே இங்கு பகையாகிறது. அது நீண்டு கொடுத்து அலையின் வெட்டிழுப்பைத் தாங்கும். ஆனால் நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் விளிம்பில் ரம்பம் போல அறுபடுகிறது. நிமிஷத்துக்குப் பத்து அலை என்று வைத்தாலும் பன்னிரண்டு மணி நேரத்தில் 7,200 தடவை! உராய்வின் சூட்டில் நார் உருகுவதும் உண்டு.

பாய்மரப் படகுக்கு இன்னும் தொல்லை. பாயைச் சுருட்டி வைத்தாலும் மரமே காற்றைப் பிடிக்கும். ஒரே மிதவையில் கட்டிய படகு இடமும் வலமுமாக ஊசலாட, கயிறு இருபுறமும் தேயும். பிரெஞ்சு மாலுமி பெர்னார்ட் முவாத்தெஸியே தன்னந்தனியாக உலகைச் சுற்றிய 'ஜோஷுவா' என்ற படகு நடுக்கடலில் தப்பியது. 1982 டிசம்பரில் மெக்ஸிகோவில் நங்கூரமிட்டு நின்றபோதுதான் புயலில் கரையில் மோதியது. கூட நின்ற இருபதுக்கும் மேற்பட்ட படகுகளுக்கும் அதே கதி.

பரிகாரம் செலவில்லாதது. உரசும் இடத்தில் கான்வாஸோ தோலோ சுற்றி, நகராதபடி கயிற்றோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் குழாயைச் செருகுவது சுலபம்தான். ஆனால் அதனுள் தண்ணீர் புகாமல் சூடு தங்கிவிடும். கான்வாஸ் நனைந்து குளிரும். அடியில் பாறை இருந்தால் அங்கே கயிறே கூடாது, சங்கிலிதான்.

காற்று நாட்களில் தினம் ஒரு சாண் கயிற்றைத் தளர்த்தி விட்டால் உரசல் ஒரே இடத்தில் விழாது. இரண்டாவது கயிறு ஒன்றைச் சற்றுத் தொய்வாக, வேறு வழியில் கட்டி வைப்பது புத்திசாலித்தனம். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடுவதால், தெரிந்தவர்கள் பிரிகளைப் பின்னியே சேர்க்கிறார்கள்.

வாரம் ஒருமுறை கயிற்றைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். பஞ்சு போல் மேலே எழும்பியிருந்தால் தலைப்பு மாற்றிக் கட்டலாம். ஒரு பிரி அறுந்திருந்தால், அது துணிக்கொடிக்குத்தான் ஆகும்.