பாட்டும் கும்மியும் மனசுக்கு மருந்தா?



குழுக் கூட்டம் என்றாலே சேமிப்பு, கடன் தவணை, தீர்மான நோட்டு, கையெழுத்து. முடிந்ததும் அடுப்பு வேலை, மாட்டு வேலை என்று கிளம்பிவிடுகிறோம். "மனசு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்க நேரம் இருப்பதில்லை.

உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு குழுவில், கணவரை இழந்த உறுப்பினர் ஒருவர் மூணு மாசமாக வாயே திறக்கவில்லை. தவணை மட்டும் தவறாமல் கட்டினார். "தவணை வருதே, நல்லாத்தான் இருக்காங்க" என்று நாங்களும் விட்டுவிட்டோம். அது எங்கள் தப்பு. ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் வயசான அம்மா ஒருவர் நடவுப் பாட்டு எடுத்தார். எல்லாரும் சேர்ந்து பாட, இவரும் மெதுவாக வாய் அசைத்தார். பிறகு அழுதார். பல ராத்திரியாகத் தூக்கமே இல்லை என்று அன்றைக்குத்தான் சொன்னார். மறுவாரம் இரண்டு உறுப்பினர்கள் துணைக்குப் போய் அரசு மருத்துவமனையில் காட்டினார்கள்.

பாட்டுக்கு அப்படி என்ன சக்தி?

பாடும்போது மூச்சை நீளமாக, நிதானமாக விடுகிறோம். அதனால் படபடப்பு அடங்கும். கும்மி அடித்தால் கை, கால், இடுப்புக்கு நல்ல வேலை. எல்லாவற்றுக்கும் மேல், "நான் தனி ஆள் இல்லை" என்ற எண்ணம் வரும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அறிக்கை, 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்து, நோயைத் தடுக்கவும் நோயோடு வாழ்கிறவர்களைத் தேற்றவும் கலைகள் உதவும் என்று சொல்கிறது.

இங்கிலாந்தில் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வில் இருந்த 134 தாய்மார்களிடம் ஆய்வு செய்தார்கள். அதன் முடிவு 2018-ல் வெளிவந்தது. சோர்வு அதிகமாக இருந்தவர்களில், குழந்தையோடு கூடிப் பாடிய தாய்மார்கள் சீக்கிரம் தேறினார்கள். நம்ம பாட்டிமார் தாலாட்டு பாடியது பிள்ளைக்கு மட்டும் இல்லை, தாய்க்கும்தான்!

ஒப்பாரியும் அப்படித்தான். நம்ம பக்கத்துக் கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவில், அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் மறுநாள் தாலி அறுத்து, கூடி அழுவதைப் பார்த்திருப்பீர்கள். துக்கத்தை உள்ளே பூட்டி வைக்காமல் நாலு பேரோடு இறக்கி வைக்க நம் முன்னோர் கண்ட வழி அது.

குழுக்கள் செய்து காட்டியது

ஜார்க்கண்ட், ஒடிசா கிராமங்களில் 2005 முதல் 2008 வரை 'ஏக்ஜுட்' என்ற நிறுவனம் பெண்கள் குழுக்களை மாதாமாதம் கூட்டியது. கதை, விளையாட்டு, நடிப்பு, படஅட்டை மூலம் தாய்-சேய் நலம் பற்றிப் பேசி, தீர்வையும் அவர்களே தேடினார்கள். குழு இயங்கிய பகுதிகளில் பச்சிளம் குழந்தை இறப்பு 32 சதவீதம் குறைவாக இருந்தது. மூன்றாம் வருஷம் தாய்மார்களின் மிதமான மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்தது. கதையும் நடிப்பும் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கூச்சமில்லாமல் வாய் திறக்க அவை வழி செய்தன.

நாம் என்ன செய்யலாம்?

* கூட்டம் முடிந்ததும் 15 நிமிஷம் ஒதுக்குங்கள். பாட்டு, கும்மி, விடுகதை, கதை எதுவானாலும் சரி.
* குரல் நல்லா இருக்கணும்னு அவசியம் இல்லை. யாரையும் கேலி செய்யாதீர்கள், கட்டாயப்படுத்தாதீர்கள்.
* குழுவில் ஒருவர் சொன்ன கஷ்டம் ஊர்ப் பேச்சு ஆகக் கூடாது.

ஒன்றை மறக்க வேண்டாம். பாட்டு துணைதான், வைத்தியத்துக்கு மாற்று இல்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். "செத்துடலாம்" என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அடுத்த கூட்டத்தில் தவணை வந்ததா என்று பார்க்கும்போதே, பேசாமல் உட்கார்ந்திருக்கும் சகோதரி யார் என்றும் பார்ப்போம். அவர் பக்கத்தில் போய் உட்காருவோம்.