பச்சைத் தோலுக்குள் பழுத்த வாழை

ஜார்ஜ் டவுன் சௌராஸ்தா சந்தையில் வாழைச் சீப்பு வாங்குவோர் பலரும் தோலின் நிறத்தைப் பார்த்தே எடுக்கிறார்கள். பினாங்கின் வெப்பத்தில் அந்தக் கணிப்பு தவறக்கூடும். கேவண்டிஷ் வகை வாழை 24 டிகிரி செல்சியசுக்கு மேல் பழுத்தால், தோலின் பச்சையம் முழுவதும் சிதைவதில்லை. உள்ளே சதை குழைந்து இனிக்கும். தோலில் பச்சை தங்கிவிடும். உள்ளே நடப்பதை அறிய மாவுச்சத்தையும் சர்க்கரையையும் அளக்க வேண்டும்.

வாழைக்காயின் சதையில் 20 முதல் 25 சதவீதம் மாவுச்சத்து. முற்றிய காயில் எத்திலீன் வாயு சுரந்ததும் அமைலேஸ் முதலான நொதிகள் மாவுச்சத்தை உடைக்கின்றன. அது சுக்ரோஸ், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஆகிறது. நன்கு பழுத்தபின் மிஞ்சும் மாவுச்சத்து 1, 2 சதவீதமே. சர்க்கரை 20 சதவீதத்தை நெருங்கும்.

சர்க்கரையை அளக்கும் கருவி ரிஃப்ராக்டோமீட்டர். கைக்கு அடக்கமான இந்தக் குழலின் சாய்ந்த கண்ணாடிமேல் இரண்டு சொட்டுச் சாறு விட்டு, மூடியை இறக்கி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை கூடக் கூட ஒளி அதிகமாக வளையும். நீரின் ஒளிவிலகல் எண் 1.333, 20 சதவீதச் சர்க்கரைக் கரைசலுக்கு 1.364. இந்த வேறுபாடு அளவுகோலில் ஒரு நிழற்கோடாக விழுகிறது. அலகின் பெயர் பிரிக்ஸ்: 100 கிராம் கரைசலில் 1 கிராம் சர்க்கரை இருந்தால் 1 பிரிக்ஸ். சாற்றில் கரைந்த அமிலமும் உப்பும் இந்த அளவில் சேர்ந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. 20 டிகிரிக்கு அமைத்த கருவி, 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 0.8 பிரிக்ஸ் குறைத்துக் காட்டும். வெப்பத்திருத்த வசதி இல்லாவிட்டால் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மாவுச்சத்து சாற்றில் கரையாததால் இக்கருவிக்குப் புலப்படாது. அதற்கு அயோடின் கரைசல் போதும். வில்லையாக நறுக்கிய வாழையை அதில் தோய்த்தால், மாவுச்சத்து உள்ள இடமெல்லாம் கருநீலமாகும். பழுத்த இடம் வெளிறியே இருக்கும். சோதித்த துண்டை உண்ணக் கூடாது.

பிரிக்ஸ் இன்றைய இனிப்பைச் சொல்லும். அயோடின், இனி வரப்போகும் இனிப்பைச் சொல்லும். வாழையும் மாங்காயும் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருப்பதால் பறித்த பிறகும் இனிப்பேறும். டுரியானிலும் இந்த மாற்றம் உண்டு. பினாங்கின் பாலிக் பூலாவ் தோட்டங்களில் அது தானாக விழும்வரை காத்திருப்பதால், பெரும்பகுதி மரத்திலேயே முடிந்துவிடுகிறது. அன்னாசி, தர்பூசணி, ஆரஞ்சு ஆகியவற்றில் அந்தச் சேமிப்பு இல்லை. பறித்தபின் நிறம் மாறினாலும் இனிப்பு கூடாது.

ஆகவே வாழையையும் மாங்காயையும் செங்காயாக வாங்கி வீட்டில் பழுக்க வையுங்கள். அன்னாசி போன்றவற்றை மட்டும் பழுத்தவையாகவே பார்த்து வாங்குங்கள்.