கடிக்கும் ஆமை சாலைக்கு ஏன் வருகிறது?

ஜூன் மாதத்தில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சாலைகளில் கடிக்கும் ஆமைகள் (ஸ்னாப்பிங் ஆமைகள்) அடிபட்டுச் சாகின்றன. அவற்றில் பல, முட்டையிட வந்த தாய்கள். வெயில் படுகிற, தோண்ட எளிதான சரளை மண் அவற்றுக்கு வேண்டும். சாலையோரத்தில் அதுதான் கொட்டிக் கிடக்கிறது.

கரையில் இந்த ஆமை சீறிக் கடிக்க வருவதற்கும் காரணம் உண்டு. அடி ஓடு மிகச் சிறியது. தலையையும் கால்களையும் உள்ளிழுத்து முழுதாக மூடிக்கொள்ள முடியாது. தண்ணீரில் இதே ஆமை நம்மைக் கண்டால் விலகி நீந்திவிடும். முரட்டுப் பிராணி என்ற பெயர் அநியாயம்.

ஒரு பெரிய ஆமை செத்தால் ஏன் இவ்வளவு கவலை? ஒன்டாரியோவின் அல்கான்குயின் பூங்காவில் 1972 முதல் நடக்கும் ஆமை ஆய்வு பதில் சொல்கிறது. அப்பகுதியின் குளிரில் பெண் ஆமை முட்டையிடும் பருவத்தை எட்டவே 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இட்ட முட்டைகளில் பெரும்பாலானவற்றை நரியும் ரக்கூனும் தின்றுவிடும். பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப முட்டையிட்டால்தான் ஒரு தாய்க்கு வாரிசு மிஞ்சும். 1980களின் பிற்பகுதியில் நீர்நாய்கள் அங்கே பல பெரிய ஆமைகளைக் கொன்றன. இருபது ஆண்டுகள் கழித்தும் எண்ணிக்கை மீளவில்லை. ஒன்டாரியோ 2017-இல் இவற்றின் வேட்டையைத் தடைசெய்தது மிகச் சரியான முடிவு.

சாலையில் கண்டால்? வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, முதுகெலும்பு கெடும். பின்னாலிருந்து பிடித்துக் காரின் கால்மிதி விரிப்பில் ஏற்றி, விரிப்போடு இழுத்து, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே சாலையைக் கடத்திவிட வேண்டும். வந்த குளத்துக்கே திருப்பி விட்டால் மறுபடியும் சாலைக்குத்தான் வரும்.