பனிக்காலத்துப் பாலைவழி

பாலை என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன நண்பகல் வெயிலும் வெந்த மணலும் நா வறண்ட வழிப்போக்கருமே. ஆயின், தொல்காப்பியர் பாலைக்குரிய பெரும்பொழுதாக வேனிலை மாத்திரம் வகுத்தாரல்லர். பின்பனிக் காலத்தையும் அதற்கு உரியதாக்கினார். பனிக்கும் பாலைக்கும் என்ன உறவு என்று வகுப்பறையில் மாணவர் வினவுவதுண்டு. உரையாசிரியர்கள் கூறும் விளக்கங்கள் ஒருபுறமிருக்க, பாலைநிலத்தை மனிதன் அச்சமின்றிக் கடப்பதற்கு இயற்கை அளித்த காலம் பனிக்காலமே என்பதை அமெரிக்க நாட்டின் தென்மேற்கு மூலையிலுள்ள ஒரு பாலைவனம் எனக்கு உணர்த்திற்று. அதனோடு மற்றோர் உண்மையையும் அது கற்பித்தது: பாலைப் பயணத்துக்குத் திட்டம் வகுப்பவன் முதலில் தீர்மானிக்க வேண்டியது, தான் எந்த இடத்தில் திரும்புவான் என்பதையே.

கலிபோர்ணியாவின் சான்டியாகோ நகரில் என் மருமகன் வீட்டில் ஒரு மார்கழி மாதத்தைக் கழிக்க நேர்ந்தது. அந்நகரிலிருந்து கிழக்கு நோக்கி மலைகளைக் கடந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வாகனத்திற் சென்றால் அன்சா-பொரேகோ பாலைவனப் பூங்காவை அடையலாம். ஆறு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடைய அந்நிலம் கலிபோர்ணிய மாநிலப் பூங்காக்கள் அனைத்திலும் பெரியது. அதனுள் ஏறத்தாழ ஐந்நூறு மைல் நீளத்துக்கு மண்பாதைகள் ஓடுகின்றன. அவற்றுட் பல, பழக்கமில்லாதவரும் உயரமான நாற்சில்லு உந்து வாகனத்தில் மெல்லச் செல்லத்தக்க இலேசான பாதைகள். அத்தகைய பாதைகளில் மூன்று நாட் பயணம் ஒன்று போய்வருவதென்று முடிவாயிற்று. மருமகனும் அவன் மனைவியும் ஒன்பது வயது மகளும் நானுமாக நால்வர் ஒரு வாகனத்தில்; முப்பது ஆண்டுகளாக அப்பாதைகளில் ஜீப் ஓட்டிப் பழகிய அயல்வீட்டு அமெரிக்கப் பெரியவரும் அவர் மனைவியும் மற்றொன்றில்.

"மாமா, இலேசான பாதை என்றுதானே போட்டிருக்கிறார்கள். இரண்டு வாகனம் எதற்கு?" என்று மருமகன் என்னிடம் கேட்டான். அதற்கு விடையளித்தவர் அந்தப் பெரியவர். இலேசான பாதை என்பது வாகனத்தைப் பற்றிய சொல்; வெயிலையும் நீரையும் தூரத்தையும் பற்றியதன்று என்பது அவர் கூறியதன் சாரம். மணலிற் புதைந்த ஒரு வாகனத்தை மற்றொன்று கயிறு கட்டி இழுக்கலாம். பழுதுபட்ட ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றில் ஊர் திரும்பலாம். கைத்தொலைபேசியின் அலை எட்டாத பள்ளத்தாக்கில் இரண்டாவது வாகனமே முதற்றுணை.

எங்கள் திட்டத்தைச் சொல்லுமுன், அந்நிலத்தில் எங்களுக்கு முன் திட்டமிட்டுச் சென்றோரைப் பற்றிச் சிறிது கூறுவது தகும்.

அந்நிலத்தின் ஆதிக்குடிகள் குமியாய், கவியா என்னும் இனத்தார். குமியாய் மக்களுட் பலர் குளிர்காலத்திற் பாலையின் தாழ்நிலத்திலும், கோடையில் மலையுச்சிகளிலும் வாழ்ந்தனர். எந்தப் பருவத்தில் எங்கே நீர் கிடைக்கும், எந்தச் செடி எப்போது காய்க்கும் என்னும் அறிவே அவர்களுடைய பயணத் திட்டம். பிளேயர் பள்ளத்தாக்கின் பாறைகளில் அவர்கள் விதைகளை இடித்து இடித்துக் குழித்த உரற்குழிகள் இன்றும் காணப்படுகின்றன. நம் வீட்டு உரலைப் போன்றே வழவழப்பான அக்குழிகள், எத்தனையோ தலைமுறைப் பெண்கள் பருவந்தோறும் தவறாது அங்கு வந்து போனதற்குச் சாட்சியாக நிற்கின்றன.

பூங்காவின் பெயரிலுள்ள அன்சா என்பார், ஸ்பானிய அரசின் படைத்தலைவர் குவான் பவுற்றீஸ்ரா தெ அன்சா. மெக்சிக்கோவின் வட எல்லையிலிருந்து கலிபோர்ணியக் கரைக்குத் தரைவழி காண 1774 ஆம் ஆண்டில் அவர் புறப்பட்டார். கொலராடோ ஆற்றைக் கடந்ததும் மணற்குன்றுகள் வழிமறித்தன. நீரின்றி விலங்குகள் சோர்ந்தன. அன்சா பிடிவாதமாக முன்னேறவில்லை. ஆற்றங்கரைக்குத் திரும்பி, சுமைகளில் ஒரு பகுதியையும் விலங்குகளிற் சிலவற்றையும் அங்கு வாழ்ந்த கெச்சான் மக்களிடம் ஒப்படைத்து, குறைந்த பாரத்தோடு வேறு வழியாகச் சென்று கரையை அடைந்தார். அந்தப் பின்வாங்கல் வரலாற்று நூல்களிற் சில வரிகளையே பெறுகிறது. ஆயினும், மறு பயணத்தின் வெற்றி அதிலேதான் வேரூன்றியிருந்தது என்று நான் கருதுகின்றேன்.

1775 ஒக்டோபரில் அவர் மீண்டும் புறப்பட்டபோது உடன் சென்றவர் ஏறத்தாழ 240 பேர். அவருட் பெருந்தொகையினர் குழந்தைகள். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிற் குடியேறச் சென்ற குடும்பங்கள் அவை. பாலைக் கிணறுகள் சிறியன. ஒரே நாளில் எல்லாரும் இறங்கினால் பின்வருவோருக்குச் சேறுதான் மிஞ்சும் என்பதை அன்சா முன்னரே அறிந்திருந்தார். ஆகவே மக்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு நாள் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக நடத்தினார். முதற்குழு அருந்திச் சென்றபின் கிணறு ஊறுவதற்கு ஓர் இரவு. அடுத்த குழுவுக்கு மறுநாள். பனி பெய்தது, குளிரால் கால்நடைகள் மாண்டன. மனிதர் மாளவில்லை. புறப்பட்ட முதலிரவிலேயே பிரசவத்தில் இறந்த ஒரு தாயைத் தவிர, கலிபோர்ணியா வரையிலான அந்த வழியில் வேறெவரும் உயிரிழக்கவில்லை. மாறாக, இன்று அப்பூங்காவினுள் அடங்கிய கொயோட்டி மலையிடுக்கில், 1775 டிசெம்பர் 24 ஆம் நாளிரவில் ஒரு குழந்தை பிறந்தது. தண்ணீரை எண்ணி நடந்தவர்களுக்குப் பாலை ஓர் உயிரைக் கூட்டியே கொடுத்தது எனலாம்.

இனி எங்கள் திட்டத்துக்கு வருவோம்.

முதலாவது நீர். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லீற்றர் என்பது பாலைப் பயணிகள் கொள்ளும் பொதுக்கணக்கு. ஆறு பேருக்கு மூன்று நாட்களுக்கு 72 லீற்றர். எதிர்பாராத ஒரு நாளுக்கென 24. மொத்தம் 96 லீற்றர். இந்தக் கணக்கைச் செய்தவள் ஒன்பது வயதுச் சிறுமி. நீரை ஒரே பெரிய கலத்திற் கொள்ளாது பல சிறு கலங்களில் இரு வாகனங்களிலும் பகிர்ந்து வைத்தோம். ஒன்று உடைந்தாலும் மற்றவை இருக்குமன்றோ?

இரண்டாவது சில்லு. தார்வீதியில் ரயருக்குள் சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் அளவில் இருக்கும் காற்றமுக்கத்தை, ஆழ்ந்த மணலில் இறங்குமுன் 20 அளவுக்குக் குறைத்துவிடுவர். காற்றுக் குறைந்த ரயர் மணலின் மீது அகன்று படிகிறது. பாரம் பரவுவதால் புதைவதில்லை. ஒட்டகத்தின் அடி அகன்றிருப்பதன் காரணமும் இதுவே. ஆயின், அந்நிலையில் வேகமாக ஓட்டுதலும் சடுதியாகத் திருப்புதலும் ஆகா. தார்வீதிக்கு மீண்டதும் காற்றை நிரப்பிக்கொள்ள ஒரு சிறு காற்றடிக்கும் பொறி வேண்டும். மண்வெட்டி, இழுவைக் கயிறு, சில்லின்கீழ் இடும் பலகை, முழு அளவான மேலதிகச் சில்லு என்பனவும் உடன் செல்ல வேண்டும். மணல் பெற்றோலை மிகுதியாக விழுங்கும். ஆகவே பொரேகோ ஸ்பிறிங்ஸ் ஊரிலேயே தாங்கியை நிரப்பிக்கொள்வதென்று எழுதிவைத்தோம்.

மூன்றாவது பொழுது. கோடையில் 45 பாகை செல்சியசையும் தாண்டிக் கொதிக்கும் அந்நிலத்தில், மார்கழிப் பகல் 20 பாகை அளவில் இதமாக இருக்கும். இரவோ கம்பளியை ஊடுருவும். சில நாட்களில் நீர் உறையும் நிலைக்கு அண்மையில் இறங்கும். மேலும், மார்கழிப் பகல் பத்து மணி நேரமே. மாலை ஐந்து மணிக்கு முன்னரே ஞாயிறு மறைந்துவிடும். ஆகவே பிற்பகல் மூன்று மணிக்கு எங்கு நின்றாலும் இராத் தங்குமிடத்தை நாடுவதென்பது விதியாயிற்று.

நான்காவது மழை. பாலையில் மழையாவென்று நகைக்க வேண்டா. அந்நிலத்துப் பாதைகளிற் பெரும்பாலானவை காய்ந்த ஆற்றுப் படுகைகளே. மலையிற் பெய்த மழை, வானம் வெளுத்திருக்கும் தாழ்நிலத்திலும் சடுதியில் வெள்ளமாய்ப் பாயும். படுகையிற் கூடாரம் அடித்துத் துயில்வோன் ஆற்றின் நடுவே துயில்பவனே. வானிலை அறிவிப்பு மலைக்கு மழை சொல்லுமாயின் பயணத்தை ஒத்திவைப்பதென்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம்.

ஐந்தாவது ஒரு கடிதம். எந்நாள் எப்பாதை, எங்கே இரவு, எந்த மணிக்குள் திரும்பாவிடில் எவருக்கு அறிவிப்பது என்று ஒரு தாளில் எழுதி, ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். இதை வீண் சடங்கென எண்ணுவோர் அதே மாநிலத்தின் வடபாலுள்ள மரணப் பள்ளத்தாக்கில் நிகழ்ந்ததை அறிதல் வேண்டும். 1996 ஜூலை மாதத்தில் ஜேர்மனியிலிருந்து வந்த இரு பெரியவர்களும் இரு சிறுவர்களும் வாடகை வான் ஒன்றில் அப்பள்ளத்தாக்கின் கரடான பாதையொன்றில் இறங்கினர். ரயர்கள் காற்றிழந்த அந்த வான் ஒக்டோபரிலேதான் கண்டெடுக்கப்பட்டது. பெரியவர்களுடைய எலும்புகள் 2009 இலேதான் கிடைத்தன. கொடுங்கோடை, மணலுக்கு ஒவ்வாத வாகனம், துணைவாகனமின்மை எல்லாம் ஒருங்கே கூடின. அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆயினும் எங்கள் தாளில் ஒவ்வொரு வரியையும் எழுதும்போது அந்தச் சிறுவர்கள் என் நினைவில் நின்றனர்.

ஆறாவதாக ஒன்றுண்டு, அது நம் நலம் பற்றியதன்று, நிலத்தின் நலம் பற்றியது. அப்பூங்காவில் வாகனம் வகுத்த பாதையை விட்டு ஓரடியும் விலகலாகாது. பாலையின் மேற்பரப்பில் நுண்ணுயிர்களும் பாசியினங்களும் பின்னிய மெல்லிய தோலொன்று உண்டு. மண்ணைக் காற்று வாரிச் செல்லாமற் காப்பது அதுவே. ஒருமுறை சில்லு ஏறினால் அது மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும். 1942 இல் ஜெனரல் பற்றன் அம்மாநிலத்தின் பாலையிற் படைகளைப் பயிற்றியபோது ஓடிய தாங்கிகளின் தடங்கள் சில இடங்களில் இன்றும் அழியாது தெரிகின்றன. நாம் விளையாட்டாக வரையும் ஒரு கோட்டைப் பேரப்பிள்ளைகளும் காண்பர். வெறுந்தரையில் தீ மூட்டுதலும் அங்கு தடை. உலோகக் கலத்தினுள்ளேதான் மூட்டலாம், சாம்பலையும் அள்ளிவர வேண்டும். பொரேகோ என்ற ஸ்பானியச் சொல் அங்கு வாழும் காட்டுச் செம்மறியைக் குறிப்பது. அருகிவரும் அவ்வினம் நீரருந்த வருமென்று, ஜூன் முதல் செப்ரெம்பர் வரை கொயோட்டி மலையிடுக்கை மனிதருக்கு மூடிவிடுகின்றனர். கோடையின் நீர் ஆட்டுக்கு, குளிரின் வழி மனிதனுக்கு என்னும் அந்தப் பங்கீடு எனக்கு மிகவும் பிடித்தது.

இவ்வாறு எழுதிய தாளோடு புறப்பட்டோம். முதல்நாள், நான்கு மைல் மணற்படுகை வழியே ஃபொன்ற் முனைக்குச் சென்றோம். அன்சாவோடு வந்த பாதிரியாரின் பெயர் தாங்கிய அம்முனையிலிருந்து பார்த்தால், மழையும் காற்றும் அரித்த களிமண் முகடுகள் கடலலை உறைந்ததுபோற் கண்ணுக்கெட்டியவரை கிடக்கின்றன. இரண்டாம் நாள் பிளேயர் பள்ளத்தாக்கில் உரற்குழிகளையும், ஆதிக்குடிகள் பாறையில் தீட்டிய செந்நிற ஓவியங்களையும் கண்டோம். 1858 முதல் 1861 வரை அவ்வழியே ஓடிய தபால் வண்டியின் பயணிகள், இறங்கி நடந்தும் வண்டியைத் தள்ளியும் ஏறிய மேடும் அங்கேயே உள்ளது. கட்டணம் செலுத்தியவரும் தள்ளத்தான் வேண்டியிருந்தது என்பது சிறுமிக்குப் பெரும் வேடிக்கையாயிற்று.

மூன்றாம் நாள் கொயோட்டி மலையிடுக்கு. அங்கே பாதை ஓர் ஓடையை மூன்று துறைகளிற் கடக்கிறது. மூன்றாந் துறைக்கு அப்பால் பாறைகள் நிறைந்த கடினவழி. அத்துறைவரை செல்வது, நீர் சில்லின் அரைப்பாகத்துக்கு மேல் நின்றால் அதற்கு முன்னரே திரும்புவது என்று எங்கள் தாள் சொல்லியது. இரண்டாந் துறையிற் பெரியவர் கோலொன்றை நீரில் ஊன்றிப் பார்த்தார். ஈரம் கோலில் அந்த அளவுக்கு மேலேறியிருந்தது.

"கொஞ்சந்தானே தாத்தா கூட, போகலாமே?" என்றாள் சிறுமி. அப்பால் எங்கோதான் அந்தக் குழந்தை பிறந்த இடமென்று முன்னிரவில் அவளுக்குக் கதை சொல்லியிருந்தேன். நீரின் கணக்கைச் செய்தவள் நீயன்றோ, இந்தக் கணக்கையும் நீயே சொல் என்றேன். அவள் கோலைச் சில்லோடு சேர்த்துவைத்துப் பார்த்தாள். பின்னர் ஒன்றும் பேசாது வாகனத்தில் ஏறிக்கொண்டாள். அங்கே விவாதம் எழவில்லை. வீட்டில் அமைதியாக இருந்த வேளையில் எழுதிய முடிவு, ஆசை மேலிட்ட வேளையில் எங்களுக்காகப் பேசியது.

ஊரில் இருந்த உறவினருக்கு அன்று மாலை நான்கு மணிக்கே திரும்பிவிட்டோமென்று செய்தி அனுப்பினோம். நீர்க்கலங்களில் 30 லீற்றருக்குமேல் மிஞ்சியிருந்தது. அது வீணாகச் சுமந்த பாரமன்று. அந்த மூன்று நாளும் நாங்கள் அச்சமின்றித் துயின்றதன் விலை. திட்டம் பயணத்தின் இன்பத்தைக் கெடுக்கும் என்பார் உளர். பாலையிலோ அந்த இன்பத்தைக் காப்பதே திட்டந்தான்.